ஈரப்பதமும் தாமிர அணைவுப் பலபடிகளும்

தாமிர அணைவுப் பலபடி என்பது தாமிர அயனிகளும் அவற்றைப் பாலம்போல் இணைக்கும் ஈனிகளும் மாறி மாறித் தொடர்ந்து சங்கிலியாகவோ, தகடாகவோ, முப்பரிமாணச் சட்டகமாகவோ வளர்ந்த திண்மப் பொருளாகும். இவற்றுள் பல, சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் குறையும்போது தம்முள் உள்ள நீர் மூலக்கூறுகளை இழந்து வேறொரு படிக அமைப்புக்கு மாறுகின்றன. ஈரப்பதம் கூடும்போது நீரை மீண்டும் ஏற்றுப் பழைய அமைப்புக்குத் திரும்புகின்றன. இதுவே ஈரப்பதத்தால் நிகழும் மீளும் கட்டமைப்பு மாற்றம் எனப்படுகிறது. வேதியியல் ஆய்விதழ்களில் இது புதிய துறைபோலத் தோன்றினாலும், இதற்கான மிகப் பழைய எடுத்துக்காட்டு சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டக் கிடங்குகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதன் பெயர் மயில்துத்தம்.

சித்த மருத்துவ நூல்களில் துருசு என்றும், வேளாண் கடைகளில் மயில்துத்தம் என்றும் அழைக்கப்படும் நீலநிறப் படிகம், தாமிர சல்பேட்டு ஐந்நீரேற்று ஆகும். பள்ளி ஆய்வகத்தில் சோதனைக் குழாயில் சூடாக்கி வெண்மையாக்கி, ஒரு சொட்டு நீர் விட்டு மீண்டும் நீலமாக்கும் அதே உப்புதான். அது ஓர் அணைவுப் பலபடி என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால், அந்த நிறமாற்றத்துக்குப் பின்னால் ஒரு முழுக் கட்டடமே இடிந்து மீண்டும் எழுவதை மாணவர்கள் எளிதில் உணர்ந்திருப்பார்கள்.

மயில்துத்தத்தின் உள்ளமைப்பு

தாமிர சல்பேட்டு ஐந்நீரேற்றின் படிக அமைப்பை பீவர்சு, லிப்சன் ஆகிய இருவரும் எக்சு-கதிர் விளிம்பு விளைவு முறையில் தீர்மானித்து 1934இல் வெளியிட்டனர். ஒவ்வொரு தாமிர அயனியையும் சுற்றி ஒரே தளத்தில் நான்கு நீர் மூலக்கூறுகள் சதுரமாக அமைகின்றன. அவற்றின் ஆக்சிசன்கள் தாமிரத்திலிருந்து சுமார் 2 ஆங்சுட்ராம் தொலைவில் உள்ளன. சதுரத்துக்கு மேலும் கீழும், சற்றுத் தள்ளி, சுமார் 2.4 ஆங்சுட்ராம் தொலைவில் சல்பேட்டு அயனிகளின் ஆக்சிசன்கள் இரண்டு நிற்கின்றன. நான்கு பிணைப்புகள் குட்டையாகவும் இரண்டு நீண்டும் இருப்பது இரட்டை நேர்மின் தாமிர அயனிக்கே உரிய இயல்பு. யான்–டெல்லர் விளைவு என்று இதற்குப் பெயர்.

ஒவ்வொரு சல்பேட்டும் இரண்டு தாமிர அயனிகளைத் தொடுவதால், தாமிரம்–சல்பேட்டு–தாமிரம்–சல்பேட்டு என்று முடிவின்றி நீளும் சங்கிலி உருவாகிறது. பலபடி என்ற சொல் இங்கே பொருந்துவது இதனால்தான். ஐந்தாவது நீர் மூலக்கூறு எந்தத் தாமிரத்துடனும் நேரடியாகப் பிணையவில்லை. சங்கிலிகளுக்கு இடையே அமர்ந்து, ஐதரசன் பிணைப்புகளால் சல்பேட்டுகளையும் மற்ற நீர் மூலக்கூறுகளையும் கட்டிப் பிடிக்கிறது.

இந்தப் படிகத்தின் ஆய்வில் தமிழகத்தில் பிறந்த ஒருவருக்கும் பங்குண்டு. இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எசு. கிருட்டிணன், கல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய காலத்தில், முகர்ச்சியுடன் இணைந்து தாமிர சல்பேட்டு ஐந்நீரேற்றின் காந்தப் பண்பு படிகத்தின் வெவ்வேறு திசைகளில் எவ்வாறு வேறுபடுகிறது என்று அளந்தார். 1936இலும் 1938இலும் பிசிக்கல் ரிவ்யூ இதழில் வெளியான அந்த ஆய்வுகள், காந்த அளவீட்டைப் படிக அமைப்புடன் ஒப்பிட்டன. ஒரு தாமிர அயனியைச் சுற்றி யார், எந்தத் தொலைவில் நிற்கிறார்கள் என்பதை அதன் காந்தப் பண்பு காட்டிக்கொடுக்கும் என்பதே அவ்வொப்பீட்டின் அடிப்படை. இராமன் விளைவுடன் மட்டுமே கிருட்டிணனின் பெயரை நினைவுகொள்ளும் வழக்கம் அவருடைய படிகக் காந்தவியல் பணியை மறைத்துவிடுகிறது.

நீர் வெளியேறும்போது நடப்பது

மயில்துத்தம் தன் நீரை ஒரே மூச்சில் இழப்பதில்லை. சூடாக்கினால், சுமார் 63 பாகை செல்சியசில் இரண்டு நீர் மூலக்கூறுகளையும், சுமார் 109 பாகையில் மேலும் இரண்டையும், சுமார் 200 பாகையில் கடைசி ஒன்றையும் இழக்கிறது. ஐந்நீரேற்று, முந்நீரேற்று, ஒருநீரேற்று, நீரிலி என்ற நான்கு நிலைகள் கிடைக்கின்றன. நான்கும் இயற்கையில் கனிமங்களாகவும் உண்டு. முறையே சால்காந்தைட்டு, போனாட்டைட்டு, பாய்ட்டிவினைட்டு, சால்கோசயனைட்டு எனப் பெயர் பெற்றவை.

பாடநூல் விளக்கம் ஒன்று இங்கே திருத்தப்பட வேண்டியுள்ளது. நான்கு நீர் தாமிரத்துடன் பிணைந்தது, ஐந்தாவது ஐதரசன் பிணைப்பால் நிற்பது, ஆகவே கடைசியில் வெளியேறும் நீர் அந்த ஐந்தாவது மூலக்கூறுதான் என்று பல வினா-விடை நூல்கள் எழுதுகின்றன. ஒவ்வொரு நீருக்கும் நிலையான இருக்கை ஒன்று உண்டு என்றும், எழுந்து போவது யார் என்பது மட்டுமே கேள்வி என்றும் இவ்விளக்கம் எடுத்துக்கொள்கிறது. படிக அமைப்புகள் வேறு கதை சொல்கின்றன. முந்நீரேற்றில் மூன்று நீர் மூலக்கூறுகளும் தாமிரத்துடன் நேரடியாகப் பிணைந்துள்ளன. காலியான இடங்களைச் சல்பேட்டின் ஆக்சிசன்கள் பிடித்துக்கொள்கின்றன. ஒருநீரேற்றில் எஞ்சிய ஒரே நீர் மூலக்கூறு இரண்டு தாமிர அயனிகளுக்கு இடையே பாலமாக நிற்கிறது. நீரிலியில் தாமிரத்தைச் சுற்றிய ஆறு இடங்களிலும் சல்பேட்டு ஆக்சிசன்களே உள்ளன. அதாவது, நீர் போகப் போகச் சல்பேட்டு மேலும் மேலும் தாமிர அயனிகளைத் தொட்டாக வேண்டும். தளர்வான சங்கிலி நெருக்கமான சட்டகமாகிறது. ஒவ்வொரு படியிலும் இருக்கைகளே மாற்றியடுக்கப்படுகின்றன. கடைசி நீரைப் பிரிக்க அதிக வெப்பம் வேண்டியிருப்பதற்கு, அது இரண்டு தாமிரங்களால் பற்றப்பட்டிருப்பது பொருத்தமான காரணம்.

இந்த நெருக்கத்தை அடர்த்தியிலிருந்தே கணக்கிடலாம். ஐந்நீரேற்றின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.286 கிராம், நீரிலியின் அடர்த்தி 3.60 கிராம். ஒரு மோல் ஐந்நீரேற்று சுமார் 109 கன செ.மீ. இடம் பிடிக்கிறது; அதிலிருந்து கிடைக்கும் நீரிலிக்குச் சுமார் 44 கன செ.மீ. போதும். பாதிக்கும் மேற்பட்ட கன அளவை இழக்கும் பளிங்கு உடையாமல் இருக்க முடியாது. எனவேதான் கண்ணாடிபோல் இருந்த நீலப் படிகம் வெண்ணிற மாவாக உதிர்கிறது. நாட்டு மருந்துக் கடையில் பொரித்த படிகாரம் வாங்கியவர்கள் இதை ஒத்த ஒன்றைப் பார்த்திருப்பார்கள். படிகாரமும் தன் படிக நீரை இழந்தே நொறுங்கும் நுரைக்கட்டியாகிறது.

நிறம் மாறுவதும் இதே இருக்கை மாற்றத்தின் விளைவுதான். நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த தாமிர அயனி சிவப்பு ஒளியை உட்கவர்வதால் நீலமாகத் தெரிகிறது. சல்பேட்டின் ஆக்சிசன் நீரைவிட வலுக்குறைந்த ஈனி. அது மட்டுமே சூழ்ந்தால் உட்கவர்தல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதிக்கு நகர்ந்துவிட, பொருள் வெண்மையாகிறது.

ஈரப்பதத்தின் வாசல்

மேலே சொன்ன வெப்பநிலைகள் சூடாக்கும் ஆய்வுக்கு உரியவை. அறை வெப்பநிலையிலேயே, காற்று போதிய அளவு வறண்டிருந்தால், அதே மாற்றம் மெல்ல நிகழும். எவ்வளவு வறட்சி போதும் என்பதற்குத் துல்லியமான விடை உண்டு.

ஐந்நீரேற்று முந்நீரேற்றாகவும் இரண்டு மூலக்கூறு நீராவியாகவும் பிரியும் வினை ஒரு சமநிலை வினை. திண்மங்கள் இரண்டும் சமநிலைக் கோவையில் இடம்பெறாததால், நீராவி அழுத்தத்தின் இருமடியே சமநிலை மாறிலி ஆகும். 25 பாகை செல்சியசில் அம்மாறிலியின் மதிப்பு, வளிமண்டல அழுத்த அலகில், 0.0001086. அதன் இருமடி மூலம் 0.01042 வளிமண்டலம், அதாவது சுமார் 7.92 மி.மீ. பாதரசம். அதே வெப்பநிலையில் தூய நீரின் ஆவியழுத்தம் 23.8 மி.மீ. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 33.3 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் கிடைக்கிறது. நுழைவுத் தேர்வுகளுக்குப் படிக்கும் மாணவர்களுக்கு இக்கணக்கு பழக்கமானது. ஆனால் விடையைப் பெட்டிக்குள் எழுதியபின் அந்த எண் என்ன சொல்கிறது என்று எவரும் நின்று பார்ப்பதில்லை. 25 பாகையில் காற்றின் ஈரப்பதம் 33 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மயில்துத்தம் நீரை இழக்கும். மேலே ஏறினால் முந்நீரேற்று நீரை ஏற்று மீண்டும் மயில்துத்தமாகும் என்பதே அதன் பொருள்.

இந்த மாற்றம் சரிவுப் பாதைபோல் படிப்படியாக மங்குவதில்லை, படிக்கட்டுபோல் நிகழ்கிறது. உப்பு, நீர் என்ற இரு கூறுகள் மட்டுமுள்ள அமைப்பில், குறிப்பிட்ட வெப்பநிலையில், இரண்டு திண்மங்களும் ஆவியும் சேர்ந்திருக்க ஒரே ஓர் ஆவியழுத்தமே அனுமதிக்கப்படும் என்பது நிலைமை விதியின் முடிவு. ஆகவே நீலப் படிகமும் வெளிறிய மாவும் கலந்திருக்கும் மூடிய புட்டிக்குள் உள்ள காற்று, இரண்டில் எது எவ்வளவு இருந்தாலும், ஒரே ஈரப்பதத்தில் நிற்கும். மயில்துத்தம் தன் புட்டிக்குள் தானே வானிலை வகுத்துக்கொள்கிறது எனலாம்.

வெப்பநிலை உயர்ந்தால் வாசலும் உயர்கிறது. 50 பாகையில் மூன்று படிகளின் ஆவியழுத்தங்கள் முறையே சுமார் 47, 30, 4.5 மி.மீ. ஆகும். அவ்வெப்பநிலையில் நீரின் ஆவியழுத்தம் 92.5 மி.மீ. என்பதால், ஐந்நீரேற்று நிலைத்திருக்க வேண்டிய ஈரப்பதம் சுமார் 51 விழுக்காடாகிறது. அதாவது சூட்டில் மயில்துத்தத்துக்குக் கூடுதல் ஈரம் தேவை. ஆனால் சூட்டில்தான் காற்றின் ஒப்பு ஈரப்பதம் குறைகிறது. இரண்டும் ஒரே பக்கம் இழுப்பதால் கோடைக் கிடங்கு அதற்கு உகந்த இடமாவதில்லை.

மறுமுனையிலும் ஓர் எல்லை உண்டு. மயில்துத்தத்தின் நிறைகரைசல் மீதுள்ள ஈரப்பதம் சுமார் 97 முதல் 98 விழுக்காடு. காற்று அதையும் தாண்டி மூடுபனியாகும்போது படிகத்தின் மேற்பரப்பு தானே கரையத் தொடங்கும். பிறகு காய்ந்தால் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும்.

ஏற்காட்டுக் கிடங்கில்

சேலத்துக்கு வடகிழக்கே, சேர்வராயன் மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது ஏற்காடு. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியை அறிமுகப்படுத்தினார் என்று குறிப்பிடப்படுகிறது. காப்பிக்கு நிழல் தரும் மரங்களும், அவற்றில் படரும் மிளகுக் கொடிகளும் இம்மலையின் அடையாளமாகிவிட்டன.

காப்பியின் பெரும்பகை இலைத்துரு நோய். அதை உண்டாக்கும் எமிலியா வாசுடாட்ரிக்சு என்ற பூஞ்சை 1869இல் இலங்கையில் அறியப்பட்டு, சில பத்தாண்டுகளில் அங்கிருந்த காப்பித் தொழிலையே அழித்தது. மருந்து கிடைத்தது அதன் பிறகுதான். பிரான்சின் போர்தோ நகரில் பேராசிரியராக இருந்த மில்லார்டே, திராட்சைக் கொடிகளைக் காக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கலவையை 1885இல் அறிவித்தார். போர்டோ கலவை என்று இன்றும் தோட்டங்களில் தெளிக்கப்படுவது அதுவே. காப்பி இலைத்துருவுக்கு 0.5 விழுக்காட்டுக் கலவை பரிந்துரைக்கப்படுகிறது: 100 லிட்டர் நீருக்கு 500 கிராம் மயில்துத்தம், 500 கிராம் சுண்ணாம்பு. மிளகின் வாடல் நோய்க்கு 1 விழுக்காட்டுக் கலவை. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் தெளிப்பது வழக்கம்.

மழைக்கு முன் தெளிக்க வேண்டிய மருந்து கோடை முழுதும் கிடங்கில் இருந்திருக்கும். ஏற்காடு குளிர்ந்த ஊர்தான். ஆனாலும் தகரக் கூரைக்கு அடியில் கணக்கு மாறிவிடும். வெளியே 20 பாகையும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள இதமான ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். அக்காற்றில் நீராவியின் அழுத்தம் சுமார் 10.5 மி.மீ. அதே காற்று கூரைக்கடியில் 40 பாகைக்குச் சூடானால் நீராவியின் அளவு மாறாது, ஆனால் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 19 விழுக்காடாகச் சரிந்துவிடும். 40 பாகையில் ஐந்நீரேற்றுக்குத் தேவையான ஆவியழுத்தம், மேலே தந்த எண்களிலிருந்து கணித்தால், சுமார் 24 மி.மீ. முந்நீரேற்றுக்கே சுமார் 16 மி.மீ. தேவை. ஆக, அந்த நண்பகலில் திறந்துகிடக்கும் மயில்துத்தம் ஒருநீரேற்றை நோக்கி நகரத் தொடங்கும். மாலையில் பனி இறங்கினால் திரும்ப நீரை ஏற்கும். மலையின் உயரத்தால் காற்றழுத்தம் குறைந்திருப்பது இங்கே கணக்கில் வராது. சமநிலையைத் தீர்மானிப்பது நீராவியின் பகுதி அழுத்தம் மட்டுமே.

நடைமுறையில் ஒரே நாளில் மூட்டை முழுதும் மாறிவிடாது. பிளவற்ற பெரிய படிகத்தில் மாற்றம் தொடங்கவே நேரம் பிடிக்கும். கீறலோ முனையுடைவோ உள்ள இடத்தில்தான் முதல் வெண்புள்ளி தோன்றும். தூளாக வாங்கிய மயில்துத்தம் கட்டியாக வாங்கியதைவிட விரைவில் வெளிறும். பிளாத்திக்குப் பையின் வாயை இறுகக் கட்டினால், வெளியேறிய சிறிதளவு நீராவியே உள்ளே தேங்கி மேற்கொண்டு இழப்பைத் தடுத்துவிடும்.

வெளிறிய மயில்துத்தம் கெட்டுப்போனதா என்பது அடிக்கடி எழும் ஐயம். கெட்டுப்போகவில்லை, அதிலுள்ள தாமிரம் ஒரு கிராம்கூட எங்கும் போகவில்லை. மாறியிருப்பது எடை. ஐந்நீரேற்றில் தாமிரம் 25.45 விழுக்காடு, முந்நீரேற்றில் 29.74, ஒருநீரேற்றில் 35.78, நீரிலியில் 39.81. ஒரு கிலோ மயில்துத்தம் முழுவதும் முந்நீரேற்றானால் 856 கிராமாகவும், ஒருநீரேற்றானால் 711 கிராமாகவும் குறையும். இருப்புப் பதிவேட்டில் எடை குறைவதைத் திருட்டு என்று எண்ணுவதற்கு முன் படிகத்தின் நிறத்தைப் பார்ப்பது நல்லது.

தெளிப்புக்கு அளக்கும்போதுதான் இது உண்மையான சிக்கலாகிறது. 500 கிராம் என்று தராசில் வைத்தது முழுவதும் முந்நீரேற்றாக இருந்தால், அதிலுள்ள தாமிரம் 584 கிராம் மயில்துத்தத்துக்குச் சமம். ஒருநீரேற்றாக இருந்தால் 703 கிராமுக்குச் சமம். புதிய சுட்ட சுண்ணாம்பு சம எடையில் சேர்க்கப்பட்டால் இதனால் ஆபத்தில்லை. ஒரு கிலோ மயில்துத்தத்தின் தாமிரம் முழுவதையும் ஐதராக்சைடாக வீழ்படிவாக்கத் தூய கால்சியம் ஆக்சைடு சுமார் 225 கிராம் போதும். மீதி எல்லாம் பாதுகாப்புக்கான மிகை. ஆனால் சுண்ணாம்பும் அதே கிடங்கில், அதே காற்றில் இருந்ததுதான். அது காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாகி எடை கூடுகிறது, வேலை செய்யும் திறன் குறைகிறது. 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு இப்படி 100 கிராம் பயனற்ற தூளாகிவிடும். மயில்துத்தம் எடை குறைந்து வலுக்கூட, சுண்ணாம்பு எடை கூடி வலுக்குறைய, சம எடை என்ற எளிய விதி இரு பக்கமும் ஒரே திசையில் பிழைபடுகிறது. கரையும் தாமிரம் கலவையில் மிஞ்சினால் அது பூஞ்சையோடு இளந்தளிரையும் கருக்கிவிடும்.

இதற்கெனத் தோட்டங்களில் வழங்கும் கத்திச் சோதனை எந்த ஆய்வகக் கருவிக்கும் குறைந்ததன்று. துருவில்லாத இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுக்க வேண்டும். கத்தியில் செந்நிறப் படிவு தோன்றினால் கரைசலில் தாமிர அயனி மிஞ்சியுள்ளது என்று பொருள். இரும்பு கரைந்து தாமிரம் அதன்மேல் படிகிறது. படிவு தோன்றாத வரை சுண்ணாம்புக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மயில்துத்தம் எந்த நீரேற்று நிலையில் இருந்தது, சுண்ணாம்பு எவ்வளவு பழையது என்ற இரண்டு கேள்விகளையும் இச்சோதனை கேட்காமலேயே தீர்த்துவிடுகிறது. இதே காரணத்தால்தான் கலவையை இரும்புத் தொட்டியில் தயாரிக்கக் கூடாது என்று சொல்லப்படுகிறது.

மீளும் தன்மையின் அளவு

மீளக்கூடிய மாற்றம் என்றால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று பொருளன்று. மூலக்கூறு அமைப்பு திரும்புகிறது; படிகம் திரும்புவதில்லை. வெளிறிய மாவு ஈரக்காற்றில் மீண்டும் நீலமாகும், ஆனால் நீல மாவாகத்தான் இருக்கும். பழைய பளிங்கு வேண்டுமானால் நீரில் கரைத்து மறுபடிகமாக்க வேண்டும். மேலும், நீர் போகும் பாதையும் வரும் பாதையும் ஒரே ஈரப்பதத்தில் தொடங்குவதில்லை. புதிய அமைப்பு முளைவிடச் சிறிது கூடுதல் உந்துதல் தேவைப்படுவதால் இரண்டுக்கும் இடையே இடைவெளி விழுகிறது.

நீரை ஏற்கும் திசையில் வெப்பம் வெளிப்படுகிறது. நீரிலியின் கரைசல் வெப்பம் மோலுக்கு −66.5 கிலோசூல், ஐந்நீரேற்றின் கரைசல் வெப்பம் +11.7 கிலோசூல். இரண்டின் வேறுபாடான 78.2 கிலோசூல், ஒரு மோல் நீரிலி ஐந்து மோல் நீரை ஏற்று ஐந்நீரேற்றாகும்போது வெளியாகும் ஆற்றல். கோடையில் வெயிலால் உலர்த்தி, வேண்டியபோது ஈரமூட்டி வெப்பம் பெறும் உப்புச் சேமிப்பு முறைகளுக்குப் பின்னால் உள்ள எண்ணம் இதுதான். உப்பு உதிர்ந்து மாவாவதும், ஒட்டிக் கட்டியாவதுமே அம்முறைகளுக்கு எப்போதும் தடை.

சட்டகங்களின் காலம்

உதிராமல் நீரை விட்டு, உதிராமல் ஏற்கும் பொருள் வேண்டும் என்றால் பாலங்கள் உறுதியாக இருக்க வேண்டும். கரிம மூலக்கூறுகளைப் பாலமாக்கிய அணைவுப் பலபடிகள் அந்த இடத்தை நிரப்பின. ஆத்திரேலியாவில் ரிச்சர்டு இராப்சன் 1989இல் ஒற்றை நேர்மின் தாமிர அயனிகளையும் நான்கு கைகள் கொண்ட ஒரு கரிம மூலக்கூறையும் இணைத்து வைரம்போன்ற திறந்த சட்டகத்தை உருவாக்கினார். இவ்வழியில் வளர்ந்த உலோக–கரிமச் சட்டகங்களுக்காக அவருக்கும் சுசுமு கிதகாவா, ஓமர் யாகி ஆகியோருக்கும் 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தாமிரச் சட்டகங்களுள் பெயர்பெற்றது, ஆங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வில்லியம்சு குழுவினர் 1999இல் சயன்சு இதழில் அறிவித்த எச்கேயூஎசுடி-1. அப்பல்கலைக்கழகத்தின் பெயர்ச் சுருக்கமே பொருளின் பெயரானது. இதில் இரண்டு தாமிர அயனிகள் அருகருகே நிற்க, நான்கு கார்பாக்சிலேட்டுகள் துடுப்புச் சக்கரத்தின் துடுப்புகள்போல் சுற்றி இணைக்கின்றன. தாமிரப் பாத்திரக் களிம்போடு தொடர்புடைய தாமிர அசிட்டேட்டிலும் இதே சக்கரம் உண்டு. அதன் அமைப்பு 1953இலேயே தீர்மானிக்கப்பட்டது. சக்கரத்தின் இரு அச்சு முனைகளிலும் ஒவ்வொரு நீர் மூலக்கூறு அமர்கிறது. உலர்த்தினால் அது மட்டும் விலகும், சட்டகம் நிற்கும். வெளிர் பச்சை கலந்த நீலம் அடர் ஊதா-நீலமாகிறது. மயில்துத்தம் உலர்ந்தால் வெளிறுகிறது, இது உலர்ந்தால் அடர்கிறது என்பது கவனிக்கத் தக்கது. காலியான அந்த முனை மற்ற வாயுக்களைப் பற்றும் இடமாகிறது.

ஆனால் இங்கும் மீளும் தன்மைக்கு எல்லை உண்டு. ஈரக்காற்றில் நெடுநாள் இருந்தால் நீர் அச்சு முனையோடு நிற்காமல் துடுப்புகளையே பெயர்த்தெடுக்கத் தொடங்குகிறது. கார்பாக்சிலேட்டுப் பிணைப்பு அறுந்தால் சட்டகம் சரிகிறது, அது உலர்த்தலால் திரும்புவதில்லை. ஏற்காட்டின் மழைக்காலம் போன்ற சூழலில் திறந்து வைத்தால் இப்பொருள் நெடுநாள் தாங்காது.

நீரால் சிதையாமல் நீரால் உருமாறும் பொருளும் உண்டு. சப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் கனேக்கோ, கனோ ஆகியோரின் குழு ஆராய்ந்த ஈஎல்எம்-11, தாமிரத்தையும் பைபிரிடின் என்ற நீண்ட இருமுனை ஈனியையும் கொண்டது. ஈர நிலையில் தாமிரமும் பைபிரிடினும் சங்கிலிகளாக உள்ளன. ஒவ்வொரு தாமிரத்திலும் இரண்டு நீர் மூலக்கூறுகள் உண்டு. பிணையாத பைபிரிடின்கள் சங்கிலிகளுக்கு இடையே காத்திருக்கின்றன. வெற்றிடத்தில் சூடாக்கி நீரை நீக்கியதும், காத்திருந்த பைபிரிடின்கள் காலியான இடங்களில் பிணைந்து சங்கிலிகளைச் சதுர வலைத் தகடாகக் கோத்துவிடுகின்றன. தகடுகளுக்கு இடையே, குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் கதவு திறப்பதுபோல் விரிந்து, கரியமில வாயு நுழைகிறது. நீராவி பட்டால் இந்தத் தாமிரப் பொருளின் அமைப்பு மாறுவதும், உலர்த்தினால் மீள்வதும், வாயுவை ஏற்கும் திறன் அதனால் எவ்வாறு அமைகிறது என்பதும் 2009இல் லாங்மியூர் இதழில் அக்குழுவினரால் அறிவிக்கப்பட்டன. மயில்துத்தத்தில் சல்பேட்டு செய்யும் அதே வேலையை, நீர் விட்டுச்சென்ற இடத்தைப் பிடித்துப் புதிய பாலமாவதை, இங்கே பைபிரிடின் செய்கிறது.